ரோஸ்விதாவின் நெருக்கு ஆட்டம்

கிட்ட வாருங்கள், கண்ணுகளா. இன்னும் கொஞ்சம். தோளோடு தோள் இடித்தாலும் பரவாயில்லை. இது தள்ளி உட்கார்ந்து கேட்கிற கதை இல்லை. எதிராளி மூச்சு விடுவதற்குள் அவன் மேல் போய் விழுகிற பந்தாட்டம் ஒன்று உண்டு. அதை உலகத்திலேயே மரியாதை கூடிப்போன ஓர் ஊருக்குச் சொல்லிக்கொடுக்கப் போய் ஒருத்தி பட்ட பாட்டைச் சொல்கிறேன். நீங்கள் தாராளமாகச் சிரிக்கலாம். அவள் முன்னால் மட்டும் வேண்டாம்.

ஜெர்மனியின் தெற்கே, ஷ்வாபிய மலைச்சரிவில் எங்கள் ஹால்டிங்கன் இரண்டு ஊராக இருக்கிறது. ஓடைக்கு இந்தப் பக்கம் மேல் ஹால்டிங்கன், அந்தப் பக்கம் கீழ் ஹால்டிங்கன். மேலூரில் ஒரு சர்ச், ஒரு ரொட்டிக்கடை, ஒரு கால்பந்துக் குழு, ஒரு டிரைவிங் ஸ்கூல். கீழூரிலும் அப்படியேதான், டிரைவிங் ஸ்கூல் மட்டும் கிடையாது. கார் ஓட்டப் பழகவேண்டும் என்றால் அவர்கள் பாலம் தாண்டி மேலே வரவேண்டும்.

அந்த டிரைவிங் ஸ்கூலை நடத்துகிறவள் ரோஸ்விதா. குள்ளமான பெண்பிள்ளை, குரல் மட்டும் ஆறடி. வாசல் பலகையிலும் கார் கதவிலும் 'ராப் டிரைவிங் ஸ்கூல்' என்று எழுதியிருக்கும். ராப் அவள் பெயர் இல்லை, அவள் புருஷன் டீட்மாருடைய குடும்பப் பெயர். விவாகரத்து ஆகி, டீட்மார் பாலம் தாண்டிக் கீழூருக்குப் போய், அந்த ஊர்க் குழுவுக்குக் கோச் ஆகியும் பல வருஷம் ஓடிவிட்டது. ஆள் போய்விட்டார், பெயர் போகவில்லை. பெயரை மாற்றினால் லைசென்ஸ், பலகை, கார் கதவு, வங்கி என்று எல்லாவற்றையும் மாற்றவேண்டும். "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று ரோஸ்விதா சொன்ன ஒரே காரியம் அதுதான். மற்ற எதையும் அவள் நாளைக்கு விட்டதில்லை.

எங்கள் குழு அந்த வருஷம் கிறிஸ்துமஸ் வரைக்கும் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. இருந்த கோச் முதுகுவலி என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டார். வலி அவருக்கு வந்தது ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எங்களைப் பார்த்துப் பார்த்து. ஜனவரியில் சங்கக் கட்டடத்தில் கூட்டம் போட்டார்கள். இரண்டு ஊர்க் குழுவையும் ஒன்றாக இணைத்துவிடலாம் என்று தலைவர் ஹார்ட்முட் தீர்மானத்தை வாசித்தார்.

"சேர்ந்தா என்ன பேரு?" என்று ரோஸ்விதா பின்னாலிருந்து கேட்டாள்.

"கீழ் ஹால்டிங்கன்தான். அவங்ககிட்டதானே ஆள் இருக்கு? கோச் டீட்மார். சாக்ஸ் கலரை மட்டும் நம்ம இஷ்டத்துக்கு விட்டுட்டாரு. பெரிய மனசு."

"ஒரு தடவை அந்த மனுஷன் பேரை வாங்கி என் பேருக்குப் பின்னால ஒட்டிக்கிட்டேன் ஹார்ட்முட். இன்னிக்கு வரைக்கும் உரிக்க முடியலே. இப்ப ஊர்ப் பேரையும் அவர் கையில குடுக்கணுமா?"

"அப்ப நீயே வந்து கோச் பண்ணு!" என்று யாரோ கிண்டலுக்குச் சொன்னார்கள்.

"பண்றேன்."

அறை முழுக்கச் சிரிப்பு. அவள் சிரிக்கவில்லை. கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. ஜூனில் ஆட்டங்கள் முடிவதற்குள் மேல் ஹால்டிங்கன் ஒரே ஓர் ஆட்டம் ஜெயித்தால் இணைப்புப் பேச்சு இல்லை; ஜெயிக்காவிட்டால் கையெழுத்து. ஹார்ட்முட் உடனே சங்கத்து ரப்பர் ஸ்டாம்பை எடுத்துக் குத்தினார். ஸ்டாம்ப் குத்தாத எதையும் எங்கள் ஊரில் யாரும் நம்புவதில்லை, மழை உட்பட.

*

டிரைவிங் ஸ்கூல் வகுப்பறையில் இரும்புப் பலகை ஒன்று உண்டு. நாற்சந்தி வரைந்திருக்கும், அதில் காந்தம் வைத்த குட்டிக் கார்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். ரோஸ்விதா அந்தக் கார்களைத்தான் ஆட்டக்காரர்களாக நகர்த்தினாள்.

"பந்து நம்ம கையை விட்டுப் போச்சுன்னா இதுவரைக்கும் என்ன பண்ணீங்க?"

"பின்னால ஓடுவோம்" என்றான் வலது முன்வரிசை வென்டெலின். குழாய் ரிப்பேர் செய்கிறவன். ஒழுக்கைக் கண்டாலும் அவசரப்படமாட்டான்.

"இனிமே முன்னால ஓடணும். பந்தை வாங்கினவன் தலையை நிமிர்த்தறதுக்குள்ள மூணு பேர் அவன் மேல இருக்கணும். அஞ்சு எண்றதுக்குள்ள பந்து திரும்ப நம்மகிட்ட வரணும். பின்வரிசை நடுக்கோடு வரைக்கும் ஏறி நிக்கணும். அவங்களுக்கு மைதானத்தை மடிச்சுக் கைக்குட்டை சைஸுக்குக் குடுக்கறோம்."

"அவங்க ஓரமாப் போனா?" என்றான் இடது முன்வரிசை எர்தால். அவன் அப்பா காலத்திலேயே துருக்கியிலிருந்து வந்த குடும்பம்; ஊரில் யாரைவிடவும் சுத்தமாக வாசல் பெருக்குகிற குடும்பம்.

"போகட்டும்னுதான் துரத்தறோம். ஓரக்கோடுங்கறது முட்டுச்சந்து. அங்க கொண்டுபோய் மாட்டணும். ரிவர்ஸ் எடுக்க விடக்கூடாது."

"எப்பப் பாயணும்?"

"நமக்கு முதுகைக் காட்டினா பாய். பந்து அவன் கால்ல நிக்காமத் துள்ளினா பாய். பின்னால இருக்கறவனுக்குத் தட்டினா பாய். இதெல்லாம் பச்சை விளக்கு."

கோல்கீப்பர் லோரென்ஸ் கையைத் தூக்கினான். ஊராட்சி அலுவலகத்தில் நாய் வரி வாங்குவதும் மீன் பிடிக்க அனுமதி கொடுப்பதும் அவன் வேலை. நல்ல ஆகிருதி. கோலில் நின்றால் பாதி கோல் தானாக அடைபட்டுவிடும்.

"நான் வழக்கம்போல உள்ளேதானே?"

"இல்லே. எல்லாரும் மேல ஏறினா பின்னால வெட்டவெளி. தலைக்கு மேல வர்ற நீளப் பந்தெல்லாம் உன்னோடது. கோலுக்கு முன்னால கோடு போட்டிருக்கே, அந்த பாக்ஸை விட்டு நீ வெளிய வந்து நிக்கணும்."

லோரென்ஸ் யோசித்தான். "அது என் எல்லைக்குள்ள வராதே ரோஸ்விதா. எழுத்துல ஏதாவது இருக்கா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. அரசாங்கத்து ஆள்.

லோரென்ஸைப் பற்றி இன்னொன்று. ரோஸ்விதாவிடம் ஓட்டப் பழகித் தேறாத ஒரே ஆள் அவன்தான். எத்தனை தடவை தோற்றான் என்பதை இரண்டு பேரும் வெளியே சொல்லமாட்டார்கள். கடைசிப் பாடத்தில் கார் சர்ச் படியில் ஏறிவிட்டது என்று பாதிரியார் மட்டும் சொல்வார். அதற்கப்புறம் சைக்கிள்தான். சந்து, நாற்சந்தி எதையும் பார்க்காமல் வருவான். எங்கள் ஊரில் சைக்கிள் மணி கேட்டால் கார், டிராக்டர், பால் லாரி எல்லாம் நின்றுவிடும். அவன் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறான் என்று யாரும் பார்ப்பதில்லை.

*

மார்ச் சேற்றில் பயிற்சி ஆரம்பமாயிற்று. அப்போதுதான் கோளாறு தெரிந்தது.

நடுவில் ஒரு பந்து தனியாகக் கிடந்தது. வலப்பக்கத்திலிருந்து வென்டெலின் ஓடி வந்தான், இடப்பக்கத்திலிருந்து எர்தால். எர்தால்தான் பக்கத்தில் இருந்தான். ஆனால் பந்துக்கு இரண்டடி முன்னால் அப்படியே நின்றுவிட்டான்.

"ஏன்டா நின்னே?" என்று ரோஸ்விதா கத்தினாள்.

"வென்டெலின் வந்தான்ல?"

"வந்தா?"

"வலப்பக்கத்துலேர்ந்து வந்தான்."

எர்தாலைக் குறை சொல்ல முடியாது. ஏனென்றால் அவன் சொன்னது சரி. எங்கள் ஊர்ச் சந்திகளில் விளக்கும் கிடையாது, பலகையும் கிடையாது. வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கு வழி விடவேண்டும், அவ்வளவுதான் சட்டம். அந்தச் சட்டத்தை ஊர் முழுக்க எலும்பில் ஏற்றியவள் ரோஸ்விதா. பால் பண்ணைச் சந்தியில் அரை நொடி தாமதமாகப் பிரேக் போட்டதற்காக எர்தாலை மறுபடி முதல் பாடத்துக்கு அனுப்பியவள். எனக்கும் அங்கே போனால் இன்றைக்கும் வலது கால் தானாக அழுந்தும், நடந்து போகும்போதும்.

"இது ரோடு இல்லேடா! மைதானம்!"

"தெரியுது. கால்தான் கேக்கமாட்டேங்குது."

கால் எதையுமே கேட்கவில்லை. எதிராளியை ஒட்டிக்கொள் என்றால் முன்னால் போகிற வண்டிக்கு விடுகிற இடைவெளியை விட்டார்கள். திரும்புவதற்கு முன் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்கள் (அது மட்டும் பந்தாட்டத்துக்கும் நல்லது, அந்த ஒன்றுக்காக அவள் ஆறுதல் பட்டுக்கொண்டாள்). அவள் கத்தக் கத்த நிலைமை மோசமாயிற்று. அந்தக் குரலைக் கேட்டால் பிரேக் போடத்தான் அவர்களுக்குப் பழக்கம். பாவம், அவள் கால் மட்டும் என்ன? ஓரக்கோட்டில் நின்றபடியே வலது காலால் தரையை மிதித்துக்கொண்டிருப்பாள், கோச் சீட்டுக்கு அடியிலும் ஒரு பெடல் இருக்கிற மாதிரி.

பழக்கம் ஒன்று உண்டு எங்களிடம். மைதானத்தில் எல்லாரும் 'நீ'. ரோஸ்விதாவின் காருக்குள் உட்கார்ந்தால் அவளுக்கு 'நீங்க'. அவள் ரொம்பக் கோபப்பட்டால் ஆட்டக்காரர்களுக்குக் காரும் மைதானமும் குழம்பிவிடும்.

"என்னடா முழிக்கிறே, வென்டெலின்?"

"மன்னிச்சுக்குங்க, ராப் அம்மா."

அந்தப் பெயரைக் கேட்டதும் அவள் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அன்றைக்குக் கூடுதலாக மைதானத்தைச் சுற்றி ஓட விட்டாள்.

ஏப்ரலில் தோற்றார்கள். மே மாதம் இன்னும் ஒழுங்காகத் தோற்றார்கள். ஆற்றுப்பக்கத்துப் பட்டணத்துக் குழுவோடு ஆடியபோது நடந்ததை, ஓரத்தில் நான் கேக் விற்கிற மேசையிலிருந்து நானே பார்த்தேன். நடுமைதானத்தில் ஒரு பந்து. நாலு திசையிலிருந்தும் நம்முடைய ஆட்கள் நாலு பேர் அம்பாகப் பாய்ந்தார்கள். புத்தகத்தில் போட்ட மாதிரி நெருக்கு. பந்தைச் சுற்றி நாலு பேரும் நின்றார்கள். ஒவ்வொருத்தனுக்கும் வலப்பக்கத்தில் ஒருத்தன். அப்படி வந்தால் கைச்சைகை செய்து பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பது பாடம்.

"நீ போ" என்று கையைக் காட்டினான் எர்தால்.

"இல்லே, நீ போ" என்றான் வென்டெலின்.

பட்டணத்துப் பையன் நடுவில் நடந்து வந்து பந்தை எடுத்துக்கொண்டு போய் கோல் போட்டான். அவன் வேறு யாரிடமோ ஓட்டப் பழகியவன்.

*

மிச்சம் இருந்தது ஒரே ஆட்டம். அதுவும் கீழ் ஹால்டிங்கனோடு.

அதற்கு முந்தின நாள் சனிக்கிழமை. சனிக்கிழமை காலையில் எங்கள் ஊர் ஜனங்கள் பழைய பாட்டில், அட்டைப்பெட்டி, புல் வெட்டிய குப்பை எல்லாவற்றையும் காரில் ஏற்றிக்கொண்டு மறுசுழற்சி முற்றத்துக்குப் போவார்கள். கோயிலுக்கு வராதவர்களும் அங்கே வருவார்கள். ரோஸ்விதா அங்கே போகும்போது டீட்மார் கண்ணாடிப் பாட்டில்களை நிறம் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன ரோஸி, பாய்ச்சல் எல்லாம் எப்படிப் போகுது?"

"ரோஸின்னு கூப்பிடற உரிமையை வக்கீல் எடுத்துக்கிட்டாரு."

"கோவிச்சுக்காதே. நாளைக்குச் சாயங்காலம் கையெழுத்துப் போட்டதும் உங்க பசங்களுக்கு நல்ல வேலை வெச்சிருக்கேன். பந்து பொறுக்கிப் போடறது."

"உங்க ஆளுங்க கோலுக்கு முன்னால பஸ் ஸ்டாப்புல நிக்கற மாதிரி நிப்பாங்க. அதுக்கு ஒரு கோச் வேற."

"நீ எப்பவும் ஓடுவே. நான் எப்பவும் நிப்பேன். ஓடறவங்க களைச்சுப் போவாங்க. அப்ப நான் ஒரு அடி எடுத்து வெப்பேன், அவ்வளவுதான். கல்யாணத்துலேயும் அதானே நடந்துச்சு?"

"கல்யாணத்துல நீங்க எடுத்து வெச்ச ஒரே அடி வாசலுக்கு வெளியே."

டீட்மார் சிரித்துக்கொண்டே காரில் ஏறினார். அவளும் ஏறினாள். முற்றத்துக்கு வெளியே ஒரு சந்தி. இரண்டு கார்களும் ஒரே நேரத்தில் வந்தன. அவள் அவருக்கு வலப்பக்கம். அவர் நின்றார். அவளைப் பார்த்து முறைத்தபடியே, பல்லைக் கடித்தபடியே, நின்று வழி விட்டார். விவாகரத்தால் மாற்றமுடியாத விஷயங்களும் உண்டு. அவரும் அவளிடம்தான் ஓட்டப் பழகினார். அவர்கள் சந்தித்ததே அந்தக் காருக்குள்தான்.

ரோஸ்விதா போகவில்லை. சந்தியிலேயே வண்டியை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பின்னால் நாலு கார் ஹாரன் அடித்தன. மேல் ஹால்டிங்கனில் ஹாரன் கேட்டது அந்த வருஷத்தில் அது ஒரு தடவைதான்.

கீழூர்க்காரன் ஒவ்வொருத்தனும் யாரிடம் படித்தவன்? அவர்கள் எலும்பில் அந்தச் சட்டத்தை ஏற்றியது யார்?

மத்தியானமே எல்லாரையும் வகுப்பறைக்கு வரச் சொன்னாள். பலகையில் இருந்த குட்டிக் கார்களை எல்லாம் ஒரே பக்கமாக, நம் இடப்பக்கமாக, ஒதுக்கினாள்.

"வென்டெலின், நாளைக்கு நீ வலது ஓரத்துல இல்லே. எர்தாலுக்குப் பின்னால நிக்கறே. ரெண்டு பேரும் இடது பக்கத்துலேர்ந்து ஒருத்தன் பின்னால ஒருத்தனாப் பாயணும். ஒரு வழிப்பாதை. குறுக்கே சந்தியே கிடையாது. யாரும் யாருக்கும் வழி விட வேண்டாம்."

"வலது பக்கம் காலியா இருக்குமே?" என்றான் எர்தால்.

"இருக்கட்டும். நம்மைப் பார்த்து நிக்கற அவனுக்கு நம்ம இடது எந்தப் பக்கம்?"

எர்தால் எழுந்து, பலகைக்குப் பின்னால் போய், கைகளை நீட்டிப் பார்த்தான். அப்புறம் மெதுவாகத் திரும்பினான்.

"வலது" என்றான். "அட, அநியாயமே."

"அநியாயம் இல்லேடா, சட்டம்."

*

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். நான் பிளம்ஸ் கேக்கோடும் பீரோடும் மேசைக்குப் பின்னால் நின்றேன். பக்கத்தில் ஹார்ட்முட் சாசேஜ் வாட்டிக்கொண்டிருந்தார். அவருடைய ஏப்ரன் பையில் சங்கத்து ஸ்டாம்ப். ஆட்டம் முடிந்ததும் இணைப்புக் காகிதத்தில் குத்துவதற்குத் தயாராக வந்திருந்தார். இரண்டு ஊரும் வேலியோரம்.

ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் கீழூர்ப் பின்வரிசைக் கிலியானிடம் பந்து வந்தது. லாரி ஓட்டுகிறவன், ஒரு விபத்துகூடச் செய்ததில்லை. அவன் தலையை நிமிர்த்தினான். வலப்பக்கத்திலிருந்து எர்தால் பாய்ந்து வந்தான்.

கிலியான் நின்றான்.

ஒரு கண்சிமிட்டு நேரம்தான். ஆனால் நின்றான். கால் லேசாக அழுந்தியதைக்கூட நான் பார்த்தேன். எர்தால் பந்தைப் பறித்துக்கொண்டு போய் வலைக்குள் தள்ளினான்.

"கிலியான்! ஏன்டா நின்னே?" டீட்மாரின் குரல்.

"அவன் வலப்பக்கத்துலேர்ந்து வந்தான், டீட்மார்!"

"அதுக்கு?"

கிலியான் தன் வலது காலைக் குனிந்து பார்த்தான். அதுதானே பதில்.

அப்புறம் அரை மணி நேரம் கீழ் ஹால்டிங்கன் இரண்டு அடி நிம்மதியாக வைக்கவில்லை. பந்தைத் தொட்டவன் மேல் வலப்பக்கத்திலிருந்து ஒருத்தன், அவனுக்குப் பின்னால் இன்னொருத்தன். விலகி விலகி ஓரக்கோட்டு முட்டுச்சந்தில் போய் மாட்டினார்கள். அங்கே இரண்டாவது கோல் பிறந்தது. மேலூர் முன்வரிசையின் காட்டுமிராண்டித்தனத்தைப் பார்த்து எங்கள் ஊர்ப் பெண்கள் முகத்தை மூடிக்கொண்டார்கள். விரல் இடுக்கு வழியாகப் பார்த்தார்கள்.

இடைவேளையில் டீட்மார் என் மேசைக்கு வந்து ஒரு பீர் வாங்கினார். குடிக்காமல் மைதானத்தையே பார்த்தார். பிறகு ரோஸ்விதாவை. பிறகு பார்க்கிங்கில் நின்ற 'ராப் டிரைவிங் ஸ்கூல்' காரை. கோப்பையை வைத்துவிட்டு வேகமாகப் போனார். அவர் வேகமாகப் போய் நான் பார்த்ததில்லை.

இரண்டாவது பாதியில் கீழூர்க்காரர்கள் பந்தைக் காலில் வைத்துக்கொள்ளவே இல்லை. வந்ததும் உதைத்தார்கள், உயரமாக, எங்கள் பின்வரிசையின் தலைக்கு மேலே. ஆகாயத்தில் சந்தி ஏது? எங்கள் ஆட்கள் எல்லாரும் நடுக்கோட்டில். பின்னால் வெட்டவெளி. அதற்கும் பின்னால் பாக்ஸுக்குள் கோட்டை மிதிக்காமல் லோரென்ஸ்.

"வெளிய வாடா!" என்று ரோஸ்விதா கதறினாள்.

லோரென்ஸ் கோட்டைக் குனிந்து பார்த்தான். வரவில்லை. கோல். கொஞ்ச நேரம் கழித்து அதே மாதிரி இன்னொன்று. இரண்டுக்கு இரண்டு. இனி எங்கள் ஆட்களுக்கு ஓடவும் தெம்பில்லை; நெருக்கு ஆட்டத்தின் கடன் அந்த நேரத்தில்தான் வந்து கதவைத் தட்டும். வென்டெலின் இடுப்பில் கை வைத்து நின்றான். எர்தால் புல்லில் உட்கார்ந்தே விட்டான்.

"களைச்சாச்சா ரோஸி?" என்று டீட்மார் எதிர்ப்பக்கத்திலிருந்து கூப்பிட்டார்.

அவள் நேராக என் மேசைக்கு ஓடி வந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. வெயில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"பேனா இருக்கா?"

கொடுத்தேன். பீர்க் கோப்பைக்கு அடியில் வைக்கிற அட்டை ஒன்றை எடுத்தாள். 'கோல்கீப்பர் லோரென்ஸ் பாக்ஸை விட்டு வெளியே வரலாம்' என்று எழுதினாள். "ஸ்டாம்ப்" என்று ஹார்ட்முட்டிடம் கையை நீட்டினாள்.

"இது வேற காரியத்துக்கு..."

"குத்து, ஹார்ட்முட்!"

அந்தக் குரலில் அவர் ஓட்டப் பழகியிருந்தார். குத்தினார். அவள் கோலுக்குப் பின்னால் ஓடி அட்டையை வலை வழியாக நீட்டினாள். லோரென்ஸ் கையுறையைக் கழற்றி, வாங்கி, முதலில் ஸ்டாம்பைப் பார்த்தான். பிறகு படித்தான். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தான்.

"எதுவரைக்கும்னு போடலியே?"

"போடலே."

"அப்போ எல்லை இல்லே."

"இல்லேடா, சாமி!"

அட்டையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டான். அந்த நிமிஷமே கிலியான் உயரமாக ஒரு பந்தை உதைத்தான். எங்கள் தலைகளுக்கு மேலே போய் விழுந்து உருண்டது. கீழூர் முன்வரிசைக்காரன் ஒருத்தன் தனியாக அதைத் துரத்திக்கொண்டு வந்தான். இந்தப் பக்கத்திலிருந்து லோரென்ஸ் புறப்பட்டான்.

ஊரில் எல்லாருக்கும் அந்த வருகை தெரியும். தலை கவிழ்ந்து, தோள் முன்னால் தள்ளி, இடம் வலம் பார்க்காத வருகை. சைக்கிள் மட்டும்தான் இல்லை. துரத்தி வந்தவன் நிமிர்ந்து பார்த்தான். சட்டென்று ஒதுங்கி ஓரத்தில் நின்றுகொண்டான். லோரென்ஸ் பந்தைத் தட்டினான். நிற்கவில்லை. நிற்க அவனுக்கு எப்போது தெரிந்தது? நடுக்கோட்டைத் தாண்டினான். எங்கள் ஆட்கள் விலகினார்கள், அவர்கள் ஆட்களும் விலகினார்கள், நடுவரும் விலகினார். பால் லாரி நிற்கிற மாதிரி மைதானம் முழுக்க நின்றது.

"மறிங்கடா! அவனை மறிங்க!" என்று டீட்மார் அலறினார்.

"லோரென்ஸ் வர்றான்!" என்று கிலியான் திருப்பிக் கத்தினான். அதற்கு மேல் விளக்கம் எதற்கு?

கீழூர்க் கோல்கீப்பர்கூட இரண்டு அடி ஒதுங்கினான். சர்ச் படியில் கார் ஏறிய அன்று அவன் அந்தப் படியில்தான் உட்கார்ந்திருந்தானாம். பந்தும் லோரென்ஸும் சேர்ந்து வலைக்குள் போனார்கள். வலை கிழிந்தது.

மூன்றுக்கு இரண்டு. மிச்ச நேரம் எங்கள் ஆட்கள் பத்துப் பேரும் பஸ் ஸ்டாப்பில் நிற்கிற மாதிரி கோலுக்கு முன்னால் நின்றார்கள். ரோஸ்விதாவே அப்படி நிற்கச் சொன்னாள். நடுவர் விசில் ஊதினார்.

இணைப்புக் காகிதத்தில் ஹார்ட்முட் சாசேஜைச் சுற்றி விற்றுவிட்டார். என்ன ஜெயித்தோம் என்று கேட்கிறீர்களா? அடுத்த வருஷமும் எங்கள் சொந்தப் பெயரிலேயே தோற்கிற உரிமையை ஜெயித்தோம். அது சின்ன விஷயம் இல்லை, கண்ணுகளா. சொந்தப் பெயரில் தோற்றவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

அந்த வாரமே ரோஸ்விதா ஏணி போட்டு வாசல் பலகையை இறக்கினாள். புதிதாக 'ஹேஃபெலே டிரைவிங் ஸ்கூல்' என்று மாட்டினாள்; அவள் அப்பா பெயர். டீட்மார் அந்த வழியாக வந்தவர் காரை நிறுத்தி, ஏணியைப் பிடித்துக்கொண்டார். "கோணலா இருக்கு" என்றார். "உங்க பேரு நேரா இருந்துச்சாக்கும்?" என்றாள் அவள். ஆனால் ஏணியை விடச் சொல்லவில்லை.

லோரென்ஸும் வந்தான். அட்டையைக் கண்ணாடிச் சட்டம் போட்டு அலுவலகத்தில் மாட்டியிருக்கிறானாம். தைரியம் வந்துவிட்டது அவனுக்கு.

"மறுபடி ஓட்டப் பழகலாம்னு பாக்கறேன், ஹேஃபெலே அம்மா. இந்தத் தடவை பிரேக்கை நல்லாப் பிடிச்சுக்குவேன்."

ரோஸ்விதா ஏணியிலிருந்து இறங்காமலே சொன்னாள்: "ஒரு மண்ணும் வேண்டாம். நீ பிரேக் கத்துக்கிட்டா அடுத்த வருஷம் நமக்கு யாருடா கோல் போடறது? சைக்கிள்லயே போ."

போய்விட்டான், மணி அடித்துக்கொண்டே. பால் லாரி நின்றது.

நீங்களும் பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள், கண்ணுகளா. உங்கள் வாசல் பலகையில் உங்கள் பெயரே நிலைத்திருக்கட்டும். உங்கள் வீட்டை நோக்கி வருகிற கஷ்டம் சந்தியிலேயே நின்று யாருக்காவது வழி விட்டுக்கொண்டே இருக்கட்டும். வருகிற நல்லது மட்டும் லோரென்ஸ் மாதிரி இடம் வலம் பார்க்காமல், பிரேக் போடாமல், நேரே உள்ளே வந்து விழட்டும்.